பழைய பொருள் ஆன்லைனில் விற்பவர்களுக்கு வாட் பதிவு: பிரிட்டனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய போன், கேமரா, தையல் மெஷின், பட்டுச்சேலை, புத்தகம் என்று வாங்கி ஈபே, வின்டெட், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விற்கும் நம் ஆட்கள் பிரிட்டனில் நிறையப் பேர். அவர்களில் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் வாட்ஸ்ஆப்பில் பேசினாலும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு பற்றிச் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். இங்கே உள்ள வாட் பதிவு வரம்புத் தொகைகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பவை. வட அயர்லாந்துக்கு இன்னும் சில தனி விதிகள் உண்டு, அவற்றை இங்கே எடுக்கவில்லை.

அண்ணை, வீட்டில கிடந்த பழைய சாமானுகளை விக்கிறன். இதுக்கும் வாட் கட்டோணுமோ?

இல்லை. நீங்கள் பயன்படுத்திய சோபா, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சைக்கிள், கட்டாமலே அலமாரியில் இருந்த சேலை, இவற்றை விற்பது வியாபாரம் ஆகாது. வாட் என்பது வியாபாரமாகச் செய்யும் விற்பனைக்குத்தான். வீட்டுச் சாமானை விற்ற காசு கீழே வரும் 90,000 பவுண்ட் கணக்கிலும் சேராது.

விற்கவேண்டும் என்ற எண்ணத்தோடு ஒரு பொருளை வாங்கினால் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேலுக்கு (ஆட்கள் பழைய சாமானைக் காரில் கொண்டுவந்து விற்கும் சந்தைக்கு) போய் மூன்று கேமரா வாங்கி, துடைத்து, படம் எடுத்து, திங்கட்கிழமை ஈபேயில் போட்டால் அது வியாபாரம். வேலைக்குப் போய்க்கொண்டு ஓய்வு நேரத்தில் செய்தாலும் வியாபாரம்தான். இரண்டையும் ஒரே அக்கவுண்டில் விற்காதீர்கள். எது வீட்டுச் சாமான், எது வியாபாரச் சரக்கு என்று இரண்டு வருடம் கழித்துப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

முப்பது பொருள் வித்தா வரி ஆபீஸுக்குத் தகவல் போயிடும்னு சொல்றாங்களே, அப்ப உடனே வாட் பதிவு பண்ணணுமா?

இரண்டும் வேறு வேறு. 2024 ஜனவரி 1 முதல், ஒரு காலண்டர் வருடத்தில் 30 விற்பனையோ அதற்கு மேலோ செய்தவர்கள், அல்லது 2,000 யூரோவுக்கு மேல் (ஏறக்குறைய 1,700 பவுண்ட்) விற்றுப் பணம் பெற்றவர்கள் பற்றிய விவரத்தை விற்பனைத் தளங்கள் எச்எம்ஆர்சிக்கு (பிரிட்டன் வரித்துறைக்கு) கொடுக்கவேண்டும். இது தகவல் கொடுக்கும் விதி. புது வரி எதுவும் இதில் வரவில்லை.

வருமான வரி இன்னொரு தனிக்கணக்கு. வியாபார வரவு ஒரு வரி வருடத்தில் 1,000 பவுண்டைத் தாண்டினால் அதைப்பற்றி எச்எம்ஆர்சிக்குச் சொல்லவேண்டும். வாட் பதிவுக்கான வரம்பு இந்த இரண்டையும்விட மிகவும் மேலே இருக்கிறது.

சரி, எவ்வளவு வித்தா பதிவு கட்டாயம்?

கடந்த 12 மாதத்தில் வாட்டுக்கு உட்பட்ட விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் கட்டாயம். 2024 மார்ச் வரை இது 85,000 ஆக இருந்தது. அடுத்த 30 நாளுக்குள்ளேயே 90,000க்கு மேல் விற்கப்போகிறோம் என்று தெரிந்தாலும் பதிவு செய்யவேண்டும். பழைய சாமான் விற்பவர்களுக்கு இந்த இரண்டாவது நிலை அநேகமாக வராது.

90,000 எண்டது லாபமோ, விற்ற காசோ? எனக்கு லாபம் மாசம் 700 பவுண்ட்தான் வருது.

விற்ற காசு, முழுக்க. இந்தத் தொழிலில் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பழைய போன் விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 8,000 பவுண்டுக்கு விற்கிறார். வாங்கிய விலை, கமிஷன், தபால் எல்லாம் போகக் கையில் நிற்பது 700. அவரைக் கேட்டால் 'நான் சின்ன ஆள்' என்பார். ஆனால் 12 மாத விற்பனை 96,000. பதிவு செய்தே ஆகவேண்டும்.

ஈபே கமிஷன் பிடித்துக்கொண்டு வங்கிக்கு அனுப்பும் தொகையைப் பார்த்துக் கூட்டாதீர்கள். வாங்கியவர் கொடுத்த முழுத் தொகையைப் பாருங்கள். அவரிடம் வாங்கிய தபால் கட்டணமும் அதில் சேரும். பேஸ்புக்கில் பேசி வாசலில் காசாக வாங்கிய விற்பனையும் சேரும். கீழே வரும் மார்ஜின் ஸ்கீமில் லாபத்துக்கு மட்டும்தான் வாட். ஆனால் 90,000 தாண்டியதா என்று பார்க்கும்போது அங்கேயும் முழு விற்பனை விலைதான் கணக்கு.

ஏப்ரல் டு ஏப்ரல் பார்த்தா போதுமா?

போதாது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அதற்கு முந்தைய 12 மாதத்தைக் கூட்டிப் பார்க்கவேண்டும். வரி வருடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு வரி வருடத்தில் 80,000, அடுத்ததில் 82,000 என்று வைத்திருப்பவர்கூட நடுவில் நவம்பர், டிசம்பர் விற்பனை சேர்ந்து வரம்பைத் தாண்டியிருக்கலாம்.

ஒரு தாளில் மாதம், அந்த மாத விற்பனை, கடைசி 12 மாதக் கூட்டு என்று மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். மாதத்துக்குப் பத்து நிமிட வேலை. கூட்டு 75,000 வந்தவுடனேயே தயாராக ஆரம்பிப்பது நல்லது.

தாண்டிட்டேன். எத்தனை நாள் டைம் இருக்கு?

தாண்டிய மாதம் முடிந்து 30 நாள். ஜூலை நடுவில் தாண்டினீர்கள் என்றால் ஆகஸ்ட் 30க்குள் ஆன்லைனில் பதிவு செய்யவேண்டும். செப்டம்பர் 1 முதல் செய்யும் விற்பனைக்கு வாட் உண்டு. அதற்கு முன் விற்றதற்கு இல்லை.

பதிவு எண் வரக் கொஞ்சம் தாமதமானாலும் செப்டம்பர் 1 நகராது. எண் வரும்வரை பில்லில் வாட் என்று தனியாகக் காட்டக்கூடாது, ஆனால் கட்டவேண்டிய பணத்தை எடுத்துவைத்துக்கொள்ளவேண்டும். அதன்பிறகு வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் (வாட் கணக்கு அறிக்கை), காலம் முடிந்து ஒரு மாதமும் 7 நாளும் கெடு. கணக்கை டிஜிட்டலாக வைத்து அதற்குரிய மென்பொருள் வழியாகத்தான் அனுப்பவேண்டும்.

ஒரே ஒரு மாசம் பெரிய சரக்கு ஒண்ணு வித்துத் தாண்டிப்போச்சு. அதுக்கும் பதிவா?

விலக்கு கேட்கலாம். அடுத்த 12 மாதத்தில் விற்பனை 88,000 பவுண்டைத் தாண்டாது என்று காரணத்தோடு காட்டவேண்டும். அதே 30 நாளுக்குள் எச்எம்ஆர்சிக்கு எழுதிக் கேட்கவேண்டும். 'திரும்ப இறங்கிடும்' என்று நீங்களாக முடிவுசெய்து பேசாமல் இருப்பது விலக்கு ஆகாது.

ஈபேயே வாட் பிடிச்சுக் கட்டிடுதாமே? நான் எதுக்குத் தனியா?

அது வெளிநாட்டு விற்பனையாளர்களுக்கு. 2021 ஜனவரி முதல், பிரிட்டனில் தொழில் நிலையம் இல்லாதவர் பிரிட்டனுக்குள் இருக்கும் பொருளைத் தளம் வழியாகப் பொதுமக்களுக்கு விற்றால் வாட்டைத் தளமே வசூலித்துக் கட்டும். வெளியிலிருந்து வரும் 135 பவுண்டுக்கு உட்பட்ட பார்சல்களுக்கும் அப்படித்தான். நீங்கள் இங்கேயே இருந்து, இங்கே உள்ள சரக்கை விற்றால் வாட் உங்கள் பொறுப்பு.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு இங்கே ஒரு குடோனில் சரக்கு வைத்து விற்பவர்கள் கவனிக்கவேண்டியது: பிரிட்டனில் தொழில் நிலையம் இல்லாதவர்களுக்கு இந்த 90,000 வரம்பே கிடையாது.

பதிவு பண்ணிட்டா ஒவ்வொரு விற்பனையிலயும் 20 சதவீதம் போயிடுமா? அப்ப தொழிலே வேண்டாமே.

மார்ஜின் ஸ்கீம் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆறில் ஒரு பங்கு மட்டும் வாட் (100க்கு 20 சேர்த்து 120 என்றால், அந்த 120இல் 20 ஆறில் ஒரு பங்கு). 400 பவுண்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கி 460க்கு விற்றால் வித்தியாசம் 60, வாட் 10 பவுண்ட். மார்ஜின் ஸ்கீம் இல்லாவிட்டால் 460இல் ஆறில் ஒரு பங்கு, அதாவது 76 பவுண்ட் 67 பென்ஸ். அறுபது சம்பாதித்து எழுபத்தாறு கட்டுவது எப்படி? இந்த ஒரு கணக்கைத்தான் எல்லாருக்கும் முதலில் போட்டுக் காட்டுகிறேன்.

வாங்கும்போது உங்களிடம் வாட் வசூலிக்கப்படாத பழைய பொருளுக்குத்தான் இது பொருந்தும். தனி ஆளிடம் வாங்கியது, வாட் பதிவில்லாத வியாபாரியிடம் வாங்கியது, அல்லது விற்றவரே மார்ஜின் ஸ்கீமில் விற்றது. வாட் தனியாகக் காட்டிய பில்லோடு வாங்கிய பொருளுக்கு மார்ஜின் ஸ்கீம் இல்லை. அதில் வாங்கும்போது கட்டிய வாட்டைத் திரும்பக் கேட்டு, விற்கும்போது முழு விலைக்கும் வாட் கட்டவேண்டும்.

விற்கும் பில்லில் வாட் என்று தனியாகக் காட்டக்கூடாது. பழைய பொருள், மார்ஜின் ஸ்கீமில் விற்றது என்ற வாசகம் இருக்கவேண்டும். சேருவதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது. விதிப்படி பதிவேடு வைத்து ரிட்டர்னில் காட்டினால் போதும்.

ரிப்பேர் செலவு, ஈபே கமிஷன், தபால் இதெல்லாம் அந்த வித்தியாசத்தில கழிக்கலாமா?

கழிக்கமுடியாது. 220 பவுண்டுக்குக் கேமரா வாங்கி, 35 பவுண்ட் செலவழித்துச் சரிசெய்து, 300க்கு விற்றால் வித்தியாசம் 80தான், 45 இல்லை. வாட் 13 பவுண்ட் 33 பென்ஸ். வாங்கியவரிடம் தபாலுக்கென்று பணம் வாங்கியிருந்தால் அதையும் விற்பனை விலையோடு சேர்க்கவேண்டும்.

ஆனால் ரிப்பேர் கடைக்காரர் வாட் போட்டு பில் கொடுத்திருந்தால் அந்த வாட்டை ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம். தளத்தின் கமிஷன், அட்டைப்பெட்டி, டேப் எல்லாவற்றிலும் உள்ள வாட்டுக்கும் இதேதான். பில் முக்கியம். நஷ்டத்துக்கு விற்ற பொருளுக்கு வாட் இல்லை, ஆனால் அந்த நஷ்டத்தை இன்னொரு பொருளின் லாபத்தில் கழிக்கமுடியாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன்.

கார் பூட்ல வாங்கிறன். அங்க ஆர் பில் தருவினம்?

யாரும் தரமாட்டார்கள். நீங்கள்தான் எழுதவேண்டும். தனி ஆளிடம் வாங்கும்போது வாங்குபவரே பில் எழுதிக்கொள்ளலாம் என்பது விதியிலேயே உள்ளது. விற்றவர் பெயர், விலாசம், உங்கள் பெயர், விலாசம், தேதி, பொருளின் விவரம், கொடுத்த விலை, உங்கள் பதிவேட்டு எண். இவ்வளவும் இருந்தால் அது பில்.

நன்றாகச் செய்யும் ஒரு தையல் மெஷின் வியாபாரியின் பழக்கத்தைச் சொல்கிறேன். கார்பன் தாள் வைத்த சிறிய பில் புத்தகம் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். விலை பேசி முடித்ததும், காசை நீட்டுவதற்கு முன்னால், 'கணக்குக்காக' என்று சொல்லிப் பேரும் விலாசமும் எழுதி வாங்குவார். மெஷின் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் அங்கேயே குறிப்பார். வீட்டுக்கு வந்ததும் பில் எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மெஷினில் ஒட்டி, ஸ்டாக் புக்கில் (சரக்குப் பதிவேட்டில்) ஏற்றிவிடுவார். விற்றதும் அதே வரியில் விற்ற தேதி, வாங்கியவர், விலை, வித்தியாசம், வாட். வாங்கியதும் விற்றதும் ஒரே வரியில் இருப்பதால் யார் வந்து கேட்டாலும் காட்டலாம். ஆன்லைனில் வாங்கினால் ஆர்டர் பக்கத்தையும் பணம் அனுப்பிய விவரத்தையும் சேமித்து, அதே தகவலைப் பில்லாக எழுதிவைக்கவேண்டும்.

பேர் தரமாட்டேன் என்றால்? சின்ன விலைப் பொருள் என்றால், முழு விலைக்கும் வாட் கட்டினாலும் கட்டுபடியாகுமா என்று பார்த்து வாங்குங்கள். 300, 400 பவுண்ட் பொருளைப் பேர் தெரியாத ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள். வாட் ஒருபுறம், அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

நான் இன்னும் பதிவே பண்ணலையே, இப்ப எதுக்கு இதெல்லாம் எழுதணும்?

பதிவு செய்யும் நாளில் உங்கள் அறையில் கிடக்கும் சரக்கு, அதற்கு முன் வாங்கியது. அதைப் பின்னால் விற்கும்போது மார்ஜின் ஸ்கீமில் காட்டவேண்டுமானால் வாங்கிய அன்றைக்கே எழுதிய கொள்முதல் விவரம் வேண்டும். அது இல்லாவிட்டால் முழு விலைக்கும் வாட். முதல் பொருள் வாங்கும் நாளிலிருந்தே எழுதுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். பதிவேடுகளை 6 வருடம் வைத்திருக்கவேண்டும்.

ஐந்து பவுண்ட், பத்து பவுண்ட் சாமான் நூத்துக்கணக்கில இருக்கு. ஒவ்வொண்ணையும் தனி வரியா பதிவேட்டுல எழுத முடியுமா?

அதற்குத்தான் குளோபல் அக்கவுண்டிங் என்ற முறை. தலா 500 பவுண்டும் அதற்குக் குறைவாகவும் வாங்கிய பொருள்களுக்கு இதைப் பயன்படுத்தலாம். ஒரு காலாண்டின் மொத்த விற்பனையிலிருந்து மொத்தக் கொள்முதலைக் கழித்து, மிஞ்சியதில் ஆறில் ஒரு பங்கு கட்டவேண்டும். கொள்முதல் அதிகமாகி மைனஸில் போனால் அந்தத் தொகையை அடுத்த காலாண்டுக்குக் கொண்டுபோகலாம். மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான்: ஒரு பொருளின் நஷ்டம் இன்னொன்றின் லாபத்தில் தானாகக் கழிந்துவிடும்.

ஒரு வீட்டைக் காலி செய்யும்போது மொத்தமாக 200 பவுண்டுக்குப் பெட்டி பெட்டியாக வாங்குபவர்களுக்கு இது வரப்பிரசாதம். கார், படகு, கேரவன், குதிரை போன்றவற்றுக்கு இது செல்லாது. கொள்முதல் பில்லும் விற்பனைப் பதிவும் இங்கேயும் வேண்டும், ஒன்றோடொன்று வரிக்கு வரி கோர்க்கவேண்டிய வேலை மட்டும் இல்லை.

நான் பழைய புத்தகமும் குழந்தைகள் உடுப்பும்தான் விக்கிறேன். அதுக்கு வாட்டே கிடையாதே?

வாட் உண்டு, வீதம்தான் பூஜ்ஜியம். கேட்க ஒன்றுபோல இருந்தாலும் பலன் வேறு. பூஜ்ஜிய வீத விற்பனையும் 90,000 கணக்கில் சேரும். தாண்டினால், விற்பது முழுக்கவோ பெரும்பாலுமோ பூஜ்ஜிய வீதப் பொருள்தான் என்று சொல்லிப் பதிவிலிருந்து விலக்கு கேட்கலாம்.

கேட்பதற்கு முன் யோசியுங்கள். பதிவு செய்தால் விற்பனைக்கு வாட் கட்டவேண்டியதில்லை, கமிஷனிலும் பொதி செய்யும் சாமானிலும் உள்ள வாட் திரும்பக் கிடைக்கும். பெரிய அளவில் புத்தகம் விற்பவருக்குப் பதிவு லாபம்தான். பெரியவர்கள் உடுப்பு, சேலை, வேட்டி எல்லாம் வழக்கமான 20 சதவீதத்தில் வரும்.

பழைய தங்க நகை வாங்கி விக்கலாம்னு இருக்கேன். மார்ஜின் ஸ்கீம் வருமா?

நகையாக விற்கிறீர்களா, தங்கமாக விற்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. வாட் நீங்கலாக விற்கும் விலை, அதில் உள்ள தங்கத்தின் சந்தை விலையைத் தாண்டாவிட்டால் அது மதிப்புமிக்க உலோகம், மார்ஜின் ஸ்கீம் கிடையாது. வேலைப்பாட்டுக்காக அதற்கு மேல் விலை போகும் பழைய சங்கிலி, அட்டிகை என்றால் வரும். எடைக்கு எடை விற்கிற எண்ணம் இருந்தால் சரக்கு வாங்குவதற்கு முன்பே கணக்காளரிடம் பேசுங்கள்.

ஊர்ல இருந்து பழைய பித்தளைக் குத்துவிளக்கு, அண்டா எல்லாம் கொண்டுவந்து விக்கிறேன். பழைய பொருள்தானே?

பழையதுதான், ஆனால் நீங்கள் இறக்குமதி செய்தது. இறக்குமதி வாட் கட்டி வந்த சாதாரணப் பழைய பொருளுக்கு மார்ஜின் ஸ்கீம் இல்லை. பதிவு செய்தவர் என்றால் இறக்குமதி வாட்டைத் திரும்பக் கேட்டு, விற்கும்போது முழு விலைக்கும் கட்டவேண்டும். ஐரோப்பாவிலிருந்து வாங்கிவந்தாலும் 2021இலிருந்து இதே நிலைதான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு விதி வேறு, அங்கே மார்ஜின் ஸ்கீமுக்கு இடம் உண்டு. பாட்டி காலத்து விளக்கு என்று சொன்னால் மட்டும் போதாது, வயதுக்கு ஆதாரம் வேண்டும்.

மனிசியின்ர பேரில இன்னொரு அக்கவுண்ட் திறந்தா ரெண்டு பேருக்கும் தனித்தனிய 90,000 கிடைக்குமோ?

உண்மையிலேயே இரண்டு வியாபாரம் என்றால் கிடைக்கும். அவர் தன் காசில் தன் சரக்கு வாங்கி, தன் வங்கிக் கணக்கில் வரவு வைத்து, லாபத்தைத் தானே வைத்துக்கொள்ளவேண்டும். ஒரே அறையில் சரக்கு, ஒரே ஆள் கொள்முதல், பெயர் மட்டும் இரண்டு என்றால் எச்எம்ஆர்சி இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். இப்படிப் பிரிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், பின்னால் கடிதம் வரும்போது பதில் சொல்லவேண்டியது நீங்களும் உங்கள் மனைவியும்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு வாட் பதிவு ஆளின் பெயரில்தான். ஈபே ஒன்று, வின்டெட் ஒன்று, வார இறுதியில் கல்யாண போட்டோ எடுப்பது ஒன்று என்று மூன்று வருமானம் இருந்தால் மூன்றும் ஒரே 90,000 கணக்கில் சேரும்.

போன வருஷமே தாண்டியிருக்கு, இப்பத்தான் பார்த்தேன். பேசாம இருந்துடலாமா?

வேண்டாம். பதிவாகியிருக்கவேண்டிய நாளிலிருந்து வாட் கட்டவேண்டியிருக்கும், வாங்கிப்போனவர்களிடம் இப்போது போய்க் கேட்கமுடியாது. வட்டியும், கட்டவேண்டிய வாட்டை வைத்து அபராதமும் வரலாம். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களாகச் சொன்னால் அபராதம் குறையும். இரண்டாவது கேள்வியில் சொன்ன தகவல் விதி இருப்பதால், உங்கள் ஆன்லைன் விற்பனை எண்கள் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கலாம்.

கொள்முதல் பில் வைத்திருப்பவருக்கு இந்தத் தொகை தாங்கக்கூடியதாக இருக்கும். மேலே சொன்ன லேப்டாப் கணக்கையே பாருங்கள், பில் இருந்தால் 10, இல்லாவிட்டால் 76. அதை வருடம் முழுக்கப் பெருக்கிப் பாருங்கள்.

90,000 வரலை, ஆனா நானா விரும்பிப் பதிவு பண்ணலாமா?

பண்ணலாம். பழைய பொருளைத் தனி ஆட்களிடம் வாங்கித் தனி ஆட்களுக்கே விற்பவருக்கு அதில் பெரிய லாபம் இல்லை. புத்தகக்காரருக்கு லாபம் என்று மேலே பார்த்தோம். வாட் பில்லோடு நிறையச் சரக்கு வாங்குபவரும் யோசிக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: சிறு தொழில்கள் மொத்த விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வாட்டாகக் கட்டும் பிளாட் ரேட் ஸ்கீமையும் மார்ஜின் ஸ்கீமையும் சேர்த்து எடுக்கமுடியாது.

வியாபாரம் குறைஞ்சுபோச்சு. பதிவிலிருந்து வெளியில வரலாமா? கையில சரக்கு இருக்கே?

அடுத்த 12 மாத விற்பனை 88,000க்குக் கீழே இருக்கும் என்றால் ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். கடைசி நாளில் கையில் உள்ள சரக்கில், வாங்கும்போது வாட் திரும்பப் பெற்றவற்றுக்கு மட்டும் கணக்குப் போட்டு வாட் கட்டவேண்டும். அந்த வாட் மொத்தம் 1,000 பவுண்டுக்கு மேல் வந்தால்தான் அதுவும். தனி ஆட்களிடம் வாங்கிய மார்ஜின் ஸ்கீம் சரக்குக்கு நீங்கள் வாட் திரும்பப் பெற்றதே இல்லை, ஆகவே அது இதில் சேராது. எது எந்த வகைச் சரக்கு என்பதை அன்றைக்கும் ஸ்டாக் புக்கைப் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும்.